ருசி பார்க்காமல் கலந்த பாஸ்தா

ஜூலை 27, 2025, ஞாயிறு

தண்ணீர் வரவில்லை. இரண்டு பக்கெட் துணி அப்படியே கிடக்கிறது.

ஆகஸ்ட் 24 வந்தால் பூங்குழலி போய் ஒரு வருஷம். படையலுக்கு என்ன வைப்பது என்று இவர் கேட்டார். எங்கள் பக்கம் போனவர்களுக்குப் பிடித்ததைத்தான் இலையில் வைப்பார்கள். மாமனாருக்குச் சுருட்டுகூட வைத்தோம். என் மகளுக்குப் பிடித்தது என்னவென்று எனக்குத் தெரியும். அதைச் செய்யத்தான் தெரியாது.

பாஸ்தா. முறுக்கு முறுக்காக இருக்குமே, அது. வேக வைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஆறவிட்டு, கேரட், வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ் எல்லாம் பச்சையாகவே நறுக்கிப் போட்டு, சோயா சாஸில் என்னென்னவோ கலக்கி ஊற்றிப் பிசிறுவாள். ஏஷியன் சாலட்டாம். டப்பாவில் அடைத்துக்கொண்டு ஹெப்பாளில் வேலைக்குப் போகக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுவாள்.

ஜூலை 30

கௌதள்ளியிலிருந்து நாத்தனார் லிங்கம்மா போன். "சீமைப் பண்டத்தையெல்லாம் எலையில வெப்பாங்களா? கச்சாயம் சுட்டு வெய்யி சாமி, போதும்." எண்ணெயில் சுட்ட அந்த வெல்லப் பலகாரத்தைக் குழலி ஒருநாளும் தொட்டதில்லை. சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். செய்யப்போவது நான்தானே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குழலியோடு வேலை பார்த்த ஸ்வாதி, எப்போதோ குழலி தனக்கு எழுதிய செய்முறையை என் போனுக்கு அனுப்பினாள். எல்லாம் கன்னடத்தில். இங்கே கன்னடப் பள்ளியில் படித்த என் பெண்ணுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். சோயா சாஸ் மூன்று ஸ்பூன், வினிகர் இரண்டு, எள்ளெண்ணெய் இரண்டு, தேன் ஒன்று, துருவின இஞ்சி, பூண்டு. மேலே வறுத்த எள்ளும் வேர்க்கடலையும்.

கடைசியில் ஒரு வரி: 'அம்மா மட்டும் தின்னவே மாட்டேன் என்கிறாள், விடமாட்டேன்.'

போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெள்ளோட்டம் பார்த்தேன். எள்ளெண்ணெய் என்றால் நம் நல்லெண்ணெய்தானே என்று தாராளமாக ஊற்றினேன். வீடு முழுக்க ஊறுகாய் ஜாடி வாசனை. ஸ்வாதி அக்ரஹாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். ஒரு வாய் தின்று யோசித்தாள்.

"சென்னாகிதே ஆன்ட்டி. நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ செய்யறது இது இல்ல."

குழலி வாங்கியது எள்ளை வறுத்து ஆட்டின எண்ணெயாம். கறுப்பாகச் சின்ன பாட்டிலில் வருமாம். "நீங்களே தின்னு பாருங்களேன்" என்றாள். மாட்டேன் என்றேன். படையலுக்குச் செய்வதில் முதலில் நாம் வாய் வைக்கக் கூடாது. "இது சும்மா டிரையல்தானே ஆன்ட்டி?" — அவளுக்கு எப்படிச் சொல்வது?

இங்கேயாவது எழுதுகிறேன். போன வருஷம் ஜூலை கடைசி. விரலால் கொஞ்சம் எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். "ஒரு வாய் தின்னு பாரும்மா." நான் சொன்னேன்: "ஆறிப்போன சேமியாவுல சாஸ ஊத்தி — மாடு திங்குமாடி இத?" கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தானே தின்றுவிட்டாள்.

டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பிரிட்ஜில் ஒரு டப்பா இருந்தது. மூன்றாம் நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்த நான், நாறிப்போகும் என்று அதைக் கொட்டிக் கழுவி வைத்தேன். ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

பாவி, ஒரு வாய் தின்னிருந்தா என்னடி கொறஞ்சுபோயிருக்கும் உனக்கு?

அவள் தின்னாமல் இனி நான் தின்ன மாட்டேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 16

அந்த பாட்டில் எங்கள் பக்கத்துக் கடைகளில் இல்லை. வரவழைத்தால் பத்து நாளாகுமாம். நானே எள்ளை வறுத்துவிடலாம் என்று தோன்றியது.

எள். இவர் அவளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த நாளிலிருந்து இந்த வீட்டில் எள் வாங்கவில்லை. இன்று அவரே போய் வாங்கி வந்தார், வெள்ளை எள்ளாக. வாணலியில் அது வெடிக்க ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். சிவக்க வறுத்து, நல்லெண்ணெயில் போட்டு, சிறு தீயில் சூடாக்கி மூடி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17

வடிகட்டினேன். அவள் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. அப்போது மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ருசி பார்க்காமல் கலந்தேன். இலையில் சோறு, கோழிக் குழம்பு, நாத்தனார் சுட்டுக்கொண்டு வந்த கச்சாயம். நடுவில் பாஸ்தா. நாத்தனார் அதைப் பார்த்தார், கச்சாயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து இடம் விட்டார். கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினோம். அவள் சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே நின்றோம்.

திறந்ததும் ஸ்வாதிக்குத்தான் முதலில் கொடுத்தேன். "ஆன்ட்டி..." என்றாள். இதுதான் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

பிறகு நான் தின்றேன். புளிப்பு, லேசாகத் தித்திப்பு, நடுவில் கடலை. உப்பு கொஞ்சம் குறைவு. நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமலாவது இருந்திருக்கக் கூடாதா? இவர் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி வைத்தார். நாத்தனார் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 25

தையல் கம்பெனி வேலைக்குப் போகவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் ஆறரைக்கே பாஸ்தாவை வேக வைத்துவிட்டேன். மீதி எண்ணெய் இருந்தது. கலக்கும்போது உப்புப் பார்த்தேன். குறைவாக இருந்தது, போட்டேன்.

மதியம் கம்பெனியில் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து மிஷின் செல்லக்கண்ணு எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "என்னக்கா இது, ஆறிப்போன சேமியாவா?"

சுருக்கென்றது. ஆனால் அவள்மேல் கோபம் வரவில்லை. விரலால் கொஞ்சம் எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். "ஒரு வாய் தின்னு பாரு."

வேண்டாம் வேண்டாம் என்று சிரித்தாள். அவள் வாயைத் திறக்கிற வரைக்கும் நான் கையை இறக்கவில்லை.