சிவப்பு வளையங்களை அறுத்துவிடுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் இறைவன் அமைதி தரட்டும். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் வர்க்லாவில் நலமாக இருக்கிறேன். மூன்று நாளாக உங்கள் போன் கிடைக்கவில்லை. அதனால் ஜானத் வரும் லாரி ஓட்டுநர் ஹம்மூவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் வேலை செய்யும் வண்டிப் பட்டறை வாசலில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. யாருக்கும் அடியில்லை. மணலில் புதைந்த பிக்கப்பை இழுக்க, அதன் பின்பக்க பம்பரில் இருந்த சிவப்பு வளையத்தில் இழுவைப் பட்டையை மாட்டினார்கள். வளையம் பிய்ந்து பறந்து, இழுத்த வண்டியின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு காலி இருக்கையில் விழுந்தது. நான் முதல்முறையாக வாய் திறந்து, ஏன் பிய்ந்தது என்று கேட்டேன். முதலாளி பூஸித் சிரித்தார்.

"காதுத் தோட்டப் பிடிச்சு ஆளத் தூக்குவியா, பொண்ணு? அது சும்மா அழகுக்கு. இழுக்கிற வளையம்னா அடிச்சட்டத்தோட சேத்து போல்ட் போட்டிருக்கணும்."

அப்பா, பெருநாளுக்கு உங்கள் வண்டிக்கென்று நான் அனுப்பிய பம்பரும் அதேதான். அந்தச் சிவப்புக்காகவே நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். யாரிடமும் கேட்க வெட்கப்பட்டேன். நீங்களோ வண்டி புதைந்தால் பட்டையை மாட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன், வளையங்கள் இரண்டையும் அறுத்து ஹம்மூவிடமே கொடுத்தனுப்புங்கள். நீங்கள் பாலைக்குள் போயிருந்தால் அம்மா உடனே ஆள் அனுப்பட்டும். அம்மா போட்டிருந்த முக்காடு ஒன்றும் எனக்கு வேண்டும், துவைக்க வேண்டாம்.

ஹம்மூ ஹாரன் அடிக்கிறார். திட்டுவதானால் பிறகு திட்டுங்கள், அப்பா. முதலில் அறுங்கள்.

உங்கள் மகள்
தெஹித்