ஷீனாவின் சர்க்கரையும் என் சிவப்புக் கோடும்

ஜூன் 12, 2024

மனைவி ஷீனாவுக்கு ஆறாம் மாதம்; குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். 168. நூற்று நாற்பதைத் தொடவே கூடாதாம். கர்ப்பகாலச் சர்க்கரை. "பேடிக்கண்டா மோளே, நிறைய பேருக்கு வருது" என்றார் மலையாளி டாக்டரம்மா. பயப்படாமல் எப்படி இருப்பது?

வந்ததும் உட்கார்ந்து வாசித்தேன். அம்மாவின் சர்க்கரை நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளைக்குப் போகும். அம்மாவின் இன்சுலின் தாண்டாது. பிள்ளை தானே இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது, மிஞ்சியதைக் கொழுப்பாக்கிப் பருக்கிறது. பிறந்து கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் உடனே நிற்காது. அப்போது பிள்ளைக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கும். மோசமான டிசைன்.

ஜூன் 15

கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் என் வேலையே சர்வர்களைக் கண்காணிப்பது. அளவு தாண்டினால் சிவப்பு. வீட்டுக்கும் அதையே செய்துவிட்டேன். ஷீனா விரலைக் குத்திப் பார்த்தால் எண் என் போனில் கிராஃபாக வரும்.

மத்தியானம் சிவப்பு. மீட்டிங்கிலிருந்து எழுந்துபோய்க் கூப்பிட்டேன். "என்ன தின்னே?"

"சோறு. வேற என்ன, சிமென்டா?"

ஜூன் 30

வயிறு காணல். ஏழாம் மாதத்தில் பெண்வீட்டார் பலகாரத்தோடு வருவது. ஷீனாவின் அம்மா, மாமி ரத்னாபாய், பாறசாலையிலிருந்து வேன் பிடித்து வந்தார். முந்திரிக்கொத்து, நெய்யப்பம், லட்டு என்று ஏழு வகை. இது எதுவும் உள்ளே வரக்கூடாதென்று வாசலிலேயே சொன்னேன்.

"மக்கா, ஒரு கிள்ளு அவ வாயில வச்சுட்டு மீதிய அக்கம்பக்கத்துக்குக் குடுத்திரலாம்."

"ஒரு கிள்ளும் சர்க்கரைதான் மாமி."

வேனுக்குள்ளிருந்து ஷீனாவின் சித்தி: "மருமவன் அமரவிளை செக்போஸ்ட் மாதி நிக்காரு!" வரும் வழியில் வண்டிகளை மறித்துச் சோதிக்கும் சாவடி அது. எல்லாரும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. பலகாரம் வேனிலேயே திரும்பிப் போனது.

நான் சொன்னது சரிதானே?

ஜூலை 4

கிராஃப் அருமை. சிவப்பே இல்லை.

ஜூலை 11

செக்கப். கிராஃபைக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகத்தான். டாக்டரம்மா அதைப் பார்க்கவே இல்லை. ஷீனாவின் எடை குறைந்திருக்கிறது. சிறுநீரில் கீட்டோன். பட்டினி கிடந்தால் வருவது.

"நீ என்ன சாப்பிடுது மோளே?"

ஷீனா அழுதுவிட்டாள். காலையில் பாதி இட்லி. மத்தியானம் வெள்ளரிக்காய். "சிவப்பு வந்தா இவரு போன் பண்ணுவாரு டாக்டர். நான் பிள்ளைக்கு வெஷம் குடுக்குத மாதி கேப்பாரு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். இது பலகாரம் தின்று வந்ததல்ல. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை வேலைசெய்ய விடுவதில்லை, சிலர் உடம்பு அதற்கு ஈடுகொடுக்காது. அதற்காகப் பட்டினி போட்டால் பிள்ளைக்கு அதுவும் கேடு. நேரத்துக்குச் சாப்பிடணும். எண் அடங்காவிட்டால் இன்சுலின். "அது தோல்வி ஒன்னும் இல்ல கேட்டோ."

இத்தனை நாளும் அவ பசியோட கிடந்திருக்கா. நான் கோடு நேரா இருக்குன்னு ஆபீஸ்ல உக்காந்து சந்தோஷப்பட்டிருக்கேன். மடையன் — சுத்த மடையன்.

ஜூலை 12

கிராஃபை அழித்தேன். மாமியைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. "வந்து கொஞ்ச நாள் இருங்க மாமி. அவ சரியா சாப்பிடல" என்றேன்.

 "என்ன குடுக்கலாம்னு டாக்டரு சொன்னத அனுப்பு மக்கா."

ஆகஸ்ட் 3

சாப்பிட்டும் எண் அடங்கவில்லை. இன்சுலின் தொடங்கியாயிற்று. ஷீனா தானே போட்டுக்கொள்கிறாள். எண்ணை நான் கேட்பதில்லை. சில நாள் அவளே சொல்கிறாள். கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா?

செப்டம்பர் 9

மகள். மூன்று கிலோ சொச்சம். பருக்கவில்லை.

குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். 36. நாற்பதுக்கு மேல் இருக்கணுமாம். சிஸ்டர் பதறவில்லை. பிள்ளையை ஷீனாவின் மாரில் போட்டார். குடித்தாள். மறுபடி குத்தினார்கள். 54. அதற்கடுத்ததும் இறங்கவில்லை. மாமி கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். நானும் கண்ணை மூடித்தான் நின்றிருந்தேன்.

அக்டோபர் 25

ஷீனாவுக்கு மறுபடி குளுக்கோஸ் டெஸ்ட். லேபிலேயே காத்திருந்தோம், ரிசல்ட் என் போனுக்குத்தான் வந்தது. திறக்காமல் அவளிடம் நீட்டினேன். பார்த்தாள். பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"நார்மல். ஆனா பின்னால வரலாமாம், வருஷாவருஷம் பாக்கணும். இவளையும் கவனிச்சு வளக்கணுமாம்." பிறகு, "ஆமா, உங்க சர்க்கரை எவ்வளவுன்னு யாராவது பாத்திருக்கோமா?"

யாரும் பார்த்ததில்லை. அங்கேயே உட்கார வைத்துவிட்டாள். சட்டைக் கையை மடித்தேன். ஊசியைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன்.

"இங்க பாருட்டீ," என்றாள் மகளிடம், "அப்பா பயப்படுதாரு."