பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டவன்

இன்று காலை காற்று தோல் பதனிடும் டேனரிப் பக்கமிருந்து வீசியது. புங்க எண்ணெயின் கசப்பு வாடை உன் ரிப்பேர் ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நீ இறந்துபோய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை, தோஸ்த்.

பத்து வருஷத்துக்கு முந்திய கதை. உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். நீ டேனரியில் தோலை ஊறவைக்கிற ஆவாரம் பட்டை அரைக்கும் மில்லின் இன்ஜினைப் பார்த்துக்கொண்டவன். நான் பதமான தோலுக்கு எண்ணெய் தேய்க்கிறவன். முதலாளியின் மோட்டார் சைக்கிளில் சங்கிலிக்குப் பதிலாகப் பின்சக்கரத்தை இழுக்கும் பெல்ட் அறுந்துபோனது. சீமைக்கு எழுதிப் போட்டுக் காத்திருப்பானேன், ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம் என்று நாம் இருவரும் எருமைத் தோலை அடுக்கித் தைத்து ஒரு பெல்ட் செய்து மாட்டினோம்.

ஒரு மாதம் நன்றாக ஓடிய வண்டி, பிறகு மேடு ஏறும்போதெல்லாம் கிறீச்சென்று கத்தியது. இன்ஜின் உறுமும், சக்கரம் நகராது. மெட்ராஸிலிருந்து வந்த மெக்கானிக், இன்ஜின் போய்விட்டது, புதிதாக வரவழைக்க வேண்டும் என்றான். டேனரி மேனேஜர் தலையாட்டினார்.

நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “சத்தம் எங்க கேக்குதுன்னு பாக்காதீங்க சார், எப்ப கேக்குதுன்னு பாருங்க” என்றாய். எல்லோர் முன்னாலும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியை உதைத்தாய். இன்ஜின் சாதுவாக ஓடியது. “இன்ஜின் கெட்டிருந்தா இப்பவும் கத்தணும்ல?” பெல்ட்டை மூக்கருகே கொண்டுபோனாய். “புங்க எண்ணெ. ஜாஸ்தி போட்டுட்டாங்க. வழுக்குது, அவ்ளோதான்.” பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்து மாட்டினாய். வண்டி மேட்டில் ஏறிவிட்டது.

போட்டவன் நான். காய்ந்த தோலைக் கண்டால் என் கை சும்மா இராது. தினமும் காலையில் வண்டியைத் தாண்டிப் போகும்போது, பாவம் வறண்டு கிடக்கிறதே என்று குழந்தைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்துவிட்டுப் போனேன். எண்ணெய் போட்டால் தோல் பிழைக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பெல்ட்டுக்குப் பிடிப்பு வேண்டும் என்பதை நான் எங்கே கண்டேன்!

“யார்டா எண்ணெ போட்டது?” என்று மேனேஜர் கத்தினார். மெட்ராஸ்காரனை நம்பி ஏமாந்த வெட்கம் அவருக்கு. அப்போதுதான் எனக்கு இரண்டாவது பெண் பிறந்திருந்தாள். யார் கை வேலை என்று உனக்குத் தெரியும்; ஆனாலும் நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

“பேர் சொல்ல நான் வர்ல சார். ரிப்பேர் பண்ண வந்தேன், பண்ணிட்டேன்.”

“அப்ப நீதான் போட்டுருக்கே. நாளைலேந்து வேலைக்கு வராதே.”

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாய். நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ரோட்டோரம் இந்த ஷெட்டைப் போட்டாய். வாணியம்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வண்டிகள் உன்னைத் தேடி வந்தன. டேனரிக்கு லீவான வெள்ளிக்கிழமைகளில், உன் ஜும்மா தொழுகை முடிந்ததும் நானும் வந்து உட்காருவேன். மேடேறும்போது மட்டும் கும் கும் என்றால் இன்ஜினின் அடிவயிறு, நின்ற இடத்திலேயே டக் டக் என்றால் வால்வு என்று நீ பிரித்துச் சொல்லச் சொல்ல என் காதும் பழகியது. அந்த எண்ணெய்ப் பேச்சை எடுத்தால் மட்டும், “அட விடுப்பா, வேற பேசு” என்பாய். நானும் சௌகரியமாக விட்டுவிடுவேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று கபர்ஸ்தான் வாசலில் மேனேஜர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “நல்ல மனுஷன்தான். ஆனா மொதலாளி வண்டியக் கெடுத்தவன்.”

“கெடுத்தது நான். அவன் சரி பண்ணவன்” என்றேன். மறுநாள் டேனரி கேட்டில் என்னை உள்ளே விடவில்லை. உன் வீட்டம்மா இந்த ஷெட்டின் சாவியைக் கொடுத்தார்கள்.

நேற்று மேனேஜரே இங்கே வந்தார். தப்பான ஆளை விரட்டியவர் என்று ஊர் பேசுவது அவர் காதுக்கு எட்டியிருந்தது. “துக்கத்துல ஏதோ உளறிட்டேன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிடு. பழைய வேலைக்கே வந்துடலாம். ரெண்டு பொண்ணு வெச்சிருக்கே, யோசி.”

யோசிக்க எனக்குப் பத்து வருஷம் இருந்தது. ரிப்பேருக்கு வந்த இரண்டு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். “இதோ, இவங்க முன்னாடியே சொல்றேன் சார். எண்ணெ போட்டவன் நான். வேலைய வேற யாருக்காவது குடுங்க.” பிழைக்கத் தெரியாதவன் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார்.

இப்போது யார் வண்டியைக் கொண்டுவந்தாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், நான் செய்த தப்பையும் அதை நீ சுமந்ததையும் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறேன். இவனிடமா வண்டியை விடுவது என்று சிலர் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். போகட்டும். கேட்டுவிட்டுத்தானே போகிறார்கள்.