அண்ணி, பேத்தியை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன்

என் பிரியமான அண்ணிக்கு,

அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்போதும் அதைத்தானே முதலில் கேட்பீர்கள்? நான். ஷீலா சிஸ்டர். பக்கத்துக் கட்டிலில் பழவேற்காட்டுப் பெண் ஒருத்தி, அவள் நெஞ்சில் அவள் மகன். வாசலில் என் மகன் பாபு, கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல். கண்ணாடிப் பெட்டிக்குள் பாபுவின் மகள். ஆமாம் அண்ணி, உங்கள் தம்பி தாத்தா ஆகிவிட்டார்!

மருமகள் சுமதிக்கு பிரஷர் ஏறியதால் மாதம் நிறையும் முன்பே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவள் ஐ.சி.யூ.வில். ஊத்துக்கோட்டை சம்பந்தியம்மா அந்த வாசலை விட்டு நகரவில்லை. குழந்தை ஒரு உள்ளங்கை அகலம்தான். மூச்சு சீராகிவிட்டது, ஆனால் எடை ஏறவில்லை. இனி யாராவது நெஞ்சோடு அணைத்து வைத்தால்தான் தேறுவாள் என்றார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போகாமல் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். இந்தக் குழந்தைக்காகத்தான் அம்மனுக்கு மாலை போட்டு விரதம் இருந்தேன். மகன் வழிப் பேத்தி, தீட்டு எனக்கும் உண்டு. ஆனாலும் தொடாமல் இருந்தால் விரதம் தப்பிக்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஷீலா சிஸ்டர் விடவில்லை. "இன்னாம்மா, அங்கயே நின்னுகினு சாமி கும்புட்டா எட ஏறிடுமா? உள்ள வாம்மா."

"மாலை போட்டிருக்கேன் சிஸ்டர்..."

"அத்த கயட்டிட்டு வா. மணி கொயந்த மேல குத்தும்."

பாபு வாசலிலேயே சட்டைப் பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். "யம்மா, நீ விரதத்தப் பாரு. நான் கட்டிக்கிறேன்." பழவேற்காட்டுப் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அண்ணா, நாங்கல்லாம் இருக்கோம், அங்கயே நில்லு!" என்று கத்தினாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் உங்கள் குரல் கேட்டது. கடலோரக் குப்பங்களில் பிரசவம் பார்த்துவிட்டு, குளித்து நேரே கோயிலுக்கு வருவீர்களே, அந்த ஈரத் தலையோடு. நான் முகம் சுளித்தால், "இன்னாடி, புள்ளயே பொறக்காத ஊர்லயா அம்மன் குடியிருக்குது?" என்பீர்கள். நான் தேங்காயை உடைக்கப் போய்விடுவேன்.

மாலையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினேன். சிஸ்டர் குழந்தைக்குக் குல்லா போட்டு, தவளைக்குட்டி மாதிரி என் நெஞ்சில் படுக்க வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார். எவ்வளவு சில்லென்று இருந்தாள்! நான் வாயை மூடி, மனதுக்குள் மந்திரம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சில்லிப்பு போய்விட்டது. அவள் கால் என் வயிற்றை உதைத்தது. அண்ணி, எனக்கே பிரசவம் ஆனதுபோல் இருந்தது!

மறுநாளிலிருந்து நானும் பாபுவும் மாறி மாறிக் கட்டிக்கொண்டோம், அவனுக்குத் திரை மறைவில். சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, "கங்காரு சம்பந்தி, நாஷ்டா துன்னியா?" என்று கேட்கும் அளவுக்குத் தைரியமாகிவிட்டார். சுமதி வார்டுக்கு வந்துவிட்டாள். இன்று காலை தராசில் வைத்தபோது எடை ஏறியிருந்தது! இப்போது சுமதியின் நெஞ்சில்தான் பேத்தி தூங்குகிறாள்.

விரதத்தை அடுத்த வருஷம் முதலிலிருந்து தொடங்குவேன். அம்மனிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஒரு வாக்கு: பிள்ளை பெற்ற எந்த அறைக்கும் வெளியே இனி நான் நிற்க மாட்டேன்.

இன்னொரு விஷயம். சுமதி உங்கள் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறாள். எனக்கு ஆசை இல்லையா? ஆனால் இத்தனை வருஷத்தில் உங்கள் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. நாளைக்குப் பேத்தி மண்ணைத் தின்றால், உங்கள் பெயரைச் சொல்லி எப்படி அதட்டுவேன்? அடிக்க எப்படிக் கை ஓங்குவேன்?

வருகிற வெள்ளிக்கிழமை பெயர் வைக்கிறோம். அவளை நான் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா? சாமியாகிவிட்ட நீங்கள் அதற்குள் கனவிலாவது வந்து ஒரு பதில் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி மனைவி,
வசந்தா