காயடித்த கிடாவின் கழுத்து

4 பிப்ரவரி 2024, ஞாயிறு

வடக்கனந்தல் மாதா கோயிலில் காலைப் பூசை முடிவதற்குள் கடையில் இரண்டு கிடா அறுத்தாகிவிட்டது. ஒரே வயது. ஒன்று காயடித்தது, மற்றது காயடிக்காத பொலி கிடா. காயடித்ததன் கழுத்தோரம் ஒரு வெளிறிய சதை, என் கட்டைவிரல் அளவு. பொலி கிடாவுக்குச் சுண்டைக்காய் அளவுதான். நாற்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். 1991இல் மாட்டு டாக்டரிடம் காட்டினேன். "அது கொழுப்புய்யா, வெட்டிப் போடு" என்றார். கறிக்கடைக்காரனுக்கா கொழுப்பு தெரியாது?

13 பிப்ரவரி

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. சோதனை முடிவு வந்தது. புரோஸ்டேட்டில் புற்றுநோய், எலும்புக்கும் போயிருக்கிறது. டாக்டர் ரம்யா, "ஆண் ஹார்மோன்தாங்க ஐயா அதுக்குத் தீனி. அதை நிறுத்தணும். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி" என்றார். எனக்குப் புரியாதா? காயடிப்பு. எழுபத்தொரு வயதில். முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

14 பிப்ரவரி

சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிட்டது. இனி ஈஸ்டர் வரை நம் ஆட்கள் கறி வாங்க மாட்டார்கள். மச்சான் டென்னிஸ் மட்டும் வந்தான். அவன் அக்கா, என் மனைவி இசபெல்லா, சொல்லியிருப்பாள். "இன்னா மாமா, ஊர்க் கிடாவுக்கெல்லாம் பண்ணது ஒனக்கே வருதா?" கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். போய்விட்டான்.

22 பிப்ரவரி

இடுப்பெலும்பில் வலி. இசபெல்லாவிடம் சொல்லவில்லை.

5 மார்ச்

அவளே கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரிடம் வீம்புக்குத்தான் கிடா விஷயத்தைக் கேட்டேன். சிரிக்கவில்லை, பேனாவைக் கீழே வைத்தார்.

"அது தைமஸ்ங்க ஐயா. கிருமியோட சண்டை போடுற ரத்த செல்லுல ஒரு வகை அங்கதான் வளருது. எது நம்ம உடம்பு, எது வெளியாள்னு பழகுறதும் அங்கதான். ஆண் ஹார்மோன் ஏறினா அது சுருங்கும். காயடிச்சா அவ்வளவு சுருங்காது. நீங்க பாத்தது சரி."

முப்பத்து மூன்று வருடம் — இதைச் சொல்ல ஒரு ஆள் வர. மற்றவர்கள் எப்போதோ கண்டுபிடித்து எழுதியும் வைத்திருக்கிறார்களாம்.

"அப்ப ஊசி போட்டா எனக்கும் வளருமா?"

"கொஞ்சம் வளரலாம். இந்த வயசுல அதை நம்பிப் போடாதீங்க. நோய் அடங்கும், வலி குறையும். அதுக்குப் போடுங்க."

ஆசை காட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். சட்டையைத் தூக்கினேன். வயிற்றில் போட்டார்கள்.

9 ஏப்ரல்

வலி கம்மி. ஆனால் மத்தியானம் சோற்றில் கை வைத்ததும் நெஞ்சிலிருந்து உச்சி வரை தீப் பிடித்தது போல. சட்டை நனைந்துவிட்டது. ஃபேனை வேகமாக வை என்று கத்தினேன். இசபெல்லா வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அம்பது வயசுல எனக்கும் இப்டித்தான் வேர்த்துச்சு. ஹார்மோன் நின்னுபோனா வருமாம், டாக்டரம்மா சொன்னாங்க. அன்னிக்கு நீங்க இன்னா சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது. நடிக்காதே என்று சொன்னேன்.

அதை அவள் திருப்பிச் சொல்லவில்லை. துண்டை நனைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.