நாய் உனக்குப் பயந்த கதை

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தன் சௌக்கியத்தைத் தனியாக எழுதிக்கொள்ளட்டும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்குத்தான் எழுத்து வாசனை கிடையாதே, தையல்கார மாமாவின் மருமகள் எழுதுகிறாள், நடுநடுவே சிரிக்கிறாள், எழுத்து கோணியிருந்தால் அது அவள் சிரிப்பு. அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று, இப்போது மூலைமுடுக்குத் தூசியெல்லாம் தெரிகிறதாம், எனக்குத்தான் நிம்மதி போயிற்று. சைக்கிள் கடையைப் பாதி நாள் திறக்கிறேன், பஞ்சர் ஒட்ட வருகிறவர்களைவிடப் பேச வருகிறவர்கள்தான் அதிகம்.

போன வாரம் போனில் நீ சொன்னதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கிறேன். லீவுக்குப் பேரனை அனுப்பச் சொன்னதற்கு, "அவன் பின்னாடி ஓட உங்களால முடியுமாப்பா?" என்றாய். ஒருத்தர் தும்மினால் ஊரே மூக்கைத் துடைக்கிற இடம், அங்கே வளர்ந்ததில் எனக்கே மூச்சு முட்டியது என்றும் சொன்னாய். வாஸ்தவம்தான், நீ பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்த சேதி, உன் கால் தரையில் படுவதற்குள் என் கடைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒன்று, நான் உன் பின்னாலும் ஓடினதில்லை அம்மாடி.

உனக்கு அப்போது ஏழு வயது. ஸ்டேஷன் சிக்னல்காரர் தன் சைக்கிளுக்குப் புது பெல் கேட்டிருந்தார், நான்தான் கொண்டுபோவேன், அதுவும் தனியாக என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். அம்மா முடியவே முடியாது என்றாள். நான் பெல்லை உன் கையில் கொடுத்துவிட்டு, எதிரே முடிவெட்டுகிற சீப்பு மாமாவிடம் கண்ணைக் காட்டினேன் (தலையில் ஒரு முடி இல்லாதவருக்கு அந்தப் பெயர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்). அவர் மழித்துக்கொண்டிருந்த ஆளைப் பாதி முகத்தோடு நாற்காலியில் விட்டுவிட்டுக் கொல்லை வழியாக ஓடி பேக்கரிக்காரரிடம் சொல்ல, அவர் தையல்காரரிடம் சொல்ல, தெரு முழுக்கத் தயார். நீயோ வழி நெடுக பெல்லை அடித்துக்கொண்டே போனாய், எங்கே போகிறாய் என்று எட்டிப்பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்து, "என்னப் பாத்ததும் கறுப்பு நாய் பயந்து ஓடிடுச்சுப்பா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். அது பயந்து ஓடவில்லை, பேக்கரிக்காரர் சந்துக்குள் நின்று பன்னை ஆட்டினார். மெயின் ரோட்டில் ஒரு வண்டியும் வரவில்லை என்றாய். வளைவுக்கு அந்தப் பக்கம் தையல்காரர், கழுத்தில் இஞ்ச் டேப்போடு லாரியை மறித்துக்கொண்டு நின்றார். கத்த வாயெடுத்த டிரைவர், விஷயம் தெரிந்ததும் என்ஜினை அணைத்துவிட்டு, பெல் சத்தம் தேய்கிறவரை உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் ஆளாளுக்கு உன்னைப் பிடித்து நிறுத்தி, நிஜமாகவே தனியாகவா போனாய் என்று கேட்டார்கள், நீயும் சலிக்காமல் சொன்னாய். பேக்கரிக்காரருக்கு மட்டும் வாய் நமநமத்தது, அவர் வீட்டுக்காரி காலை மிதித்துவிட்டாள். இது ஓட்டைவாய் ஊர்தான், ஆனால் இத்தனை வருஷமாக இந்த ஒன்றை மட்டும் பொத்தி வைத்திருக்கிறது. நீ வெளியூருக்குப் படிக்கப் போனபோது அம்மா அழுதாள், நீ ரயில் படியில் நின்றுகொண்டு, "ஏழு வயசுலயே தனியா போனவம்மா நான்" என்றாய். வழியனுப்ப சீப்பு மாமாவும் தையல்காரரும் வந்திருந்தார்கள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும் சொல்லாமலே இருந்திருப்பேன், பேரனுக்காகச் சொல்லவேண்டியதாயிற்று.

அவனை அனுப்பிவை. சீப்பு மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் காது பாம்புக்காது. பேக்கரி முனையில் அந்தக் கறுப்பு நாயின் வம்சம் ஒன்று படுத்திருக்கிறது. நானும் ஒரு பெல்லைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையை வண்டியில் நிதானமாகப் போகச் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். ஒன்று மறந்துவிடாதே, பேரனிடம் இதில் ஒரு வார்த்தை மூச்சுவிடக் கூடாது. நாய் தனக்குப் பயந்து ஓடியது என்று அவன் வந்து சொல்ல, நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கிரீஸ் போகாத பெருவிரல் ரேகையோடு,
உன் அப்பா