தெற்குக் கயிறு

அன்புள்ள அத்தை,

காலையிலிருந்து நம் தெருவில் வேப்பமரக் கிளைகளை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். மழைக்காலத்துக்குள் மின்கம்பிமேல் சாயும் கிளைகளை எடுத்துவிட வேண்டுமாம். ரம்பத்தின் இரைச்சலைக் காதைப் பொத்திக்கொண்டு தாங்கலாம். அறுபட்ட இலையின் கசப்பு மணத்தை என்ன செய்வது? படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். புயலின் நடுவே காற்று நின்றபோது நம் நோணாங்குப்பம் முழுக்க அடித்த மணம் இதுதான். நீங்கள் கடைசியாக எங்களோடு நின்ற நேரத்தின் மணம்.

அப்பாவின் ஒரே தங்கை நீங்கள். சென்னையில் வானிலை ஆராய்ச்சி. கரையை நெருங்கும் நேரத்தில் சில புயல்கள் ஏன் வெறி கொள்கின்றன, சில ஏன் சோர்ந்து போகின்றன என்ற ஒரே கேள்வியோடு அத்தனை வருடம் இருந்தீர்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைப் பற்றியே பேசினீர்களாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவி ஒன்றை நம் மொட்டைமாடியில் நட்டு வைத்தீர்கள். வங்கக்கடலில் ஏதாவது சுழல ஆரம்பித்தால், அதைச் சரிபார்க்கும் சாக்கில் பேருந்து ஏறிவிடுவீர்கள். "தங்கச்சி வந்தா புயல் வருதா, புயல் வந்தா தங்கச்சி வருதான்னே தெரியல" என்பார் அப்பா.

அந்தப் புயலுக்கு முந்தின வருடம் உங்கள் அலுவலகம் பெரிய புயல் என்று எச்சரித்தது கடலிலேயே கரைந்து போனது நினைவிருக்கிறது. விடுமுறைக் கூட்டம் வரும் நேரத்தில் ஆற்றுச் சுற்றுலாப் படகுத் துறையை மூடிவிட்டார்கள். ஒரு தூறல்கூட விழவில்லை. அப்பாவோடு படகு ஓட்டும் சவரிராயன் மாமா அதன் பிறகு உங்களை எங்கே பார்த்தாலும் விடமாட்டார்.

"இன்னா புயலம்மா, இந்தப் புயலாவது ஊர் வந்து சேருமா, இல்ல வழியில டீ குடிக்க எறங்கிடுமா?"

நீங்களும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள், ஒரு வாய் எடுக்கவில்லை. "எங்க வரும்னு இப்ப ஓரளவு சொல்லிடறோம். எவ்ளோ கோவத்தோட வரும்ங்கிறதுலதான் மாட்டிக்கிறோம். திட்டட்டும், பரவால்ல. ஆனா அடுத்த தடவ யாரும் கேக்காம போயிட்டா?" என்றீர்கள். அப்போது எனக்கு அது பெரிய பயமாகத் தெரியவில்லை.

அந்த அடுத்த தடவை பகலில் வந்தது. வடக்கிலிருந்து வந்த காற்று முதலில் தென்னைகளின் முடியைப் பிடித்து உலுக்கியது. பிறகு கழுத்தைத் திருகி எறிந்தது. எதிர்வீட்டுத் தகரக்கூரை ஆணி ஆணியாகப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. மின்கம்பத்தில் நீல நெருப்பு வெடித்தது. மழை கீழே விழவில்லை, படுக்கைவாட்டில் வந்து சுவரை அறைந்தது. மாடியில் உங்கள் கருவி முறிந்த சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு "போச்சு" என்றீர்கள். ஒரு உறவுக்காரர் இறந்த செய்தியைக் கேட்டது போல இருந்தது உங்கள் முகம்.

பிறகு எல்லாம் நின்றது. சட்டென்று. ஓடு நகரும் சத்தம்கூட இல்லை. வெளிச்சம் மஞ்சளாக வந்தது. கிழிந்த இலைகளின் மணம் ஊரை மூடியது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"முடிஞ்சிச்சிடா! வாங்க, படகு கெதி இன்னான்னு பாப்போம்!" என்று சவரிராயன் மாமாவின் குரல் கேட்டது.

நம் ஊரில் புயலுக்குப் படகு கட்டுகிற முறை ஒன்றுதான். புயல் என்றால் வாடைக்காற்று. ஆகவே ஆற்றின் வடகரை மறைவில் படகுகளை ஒதுக்கி, எல்லாக் கயிற்றையும் வடக்குக் கம்பங்களில் கட்டுவார்கள். பரம்பரையாக அப்படித்தான். தெற்கே ஒரு கயிறும் கிடையாது. காற்று நின்றதும் அப்பாவும் மற்றவர்களும் துறைக்கு ஓடி, படகுகளில் ஏறி நீர் இறைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நீங்கள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினீர்கள். அம்மா கத்தக் கத்த நானும் பின்னால் ஓடினேன்.

"அண்ணே, மேல வாங்க! புயல் முடியல. நாம அதோட நடுவுல நிக்கிறோம். இப்ப தெக்கால இருந்து அடிக்கும். மொத்தத் துறையும் போயிடும்!"

"வெயில் அடிக்குது தங்கச்சி" என்றார் அப்பா, குனிந்தபடியே.

"போன வருசம் வராத புயலுக்குத் தொழில நிறுத்துனீங்க. இப்ப போன புயலுக்கும் நிறுத்தணுமா?" என்றார் மாமா. படகுக்குப் படகு சிரிப்பு.

கெஞ்சினீர்கள். கையெடுத்துக் கும்பிட்டீர்கள். யாரும் நிமிரவில்லை. நீங்கள் தெற்கே பார்த்தீர்கள். முகத்துவாரத்துக்கு அப்பால் சுவர் போல ஒரு கருப்பு. பிறகு நீங்கள் மரப்பலகையில் இறங்கிப் போய், அப்பாவின் சட்டையைப் பிடித்து நிமிர்த்தி, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டீர்கள்.

அண்ணன்மேல் கை வைத்த தங்கையை நம் ஊர் பார்த்ததில்லை. சிரிப்பு அறுந்தது. அப்பாவின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது.

"ஊரு முன்னாடி என்னயே அடிக்கிறியா?"

"ஆமா. ஆம்பளன்னா வந்து திருப்பி அடி!"

சொல்லிவிட்டு ஓடினீர்கள். அப்பா வாளியை வீசிவிட்டுத் துரத்தினார். "அவர பிடிங்கடா, கொன்னுடப் போறாரு!" என்று மாமா ஓடினார். அண்ணன் தங்கை அடித்துக்கொள்வதைப் பார்க்காமல் நீர் இறைக்க யாருக்கு மனம் வரும்? எல்லாரும் வந்தார்கள். நீங்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஊரிலேயே கெட்டியான கட்டடமான மாதா கோயில் மண்டபத்துக்குள் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு ஓடினீர்கள். அப்பா உங்கள் தலைமுடியைப் பிடித்த நொடியில் தெற்கு வெடித்தது.

துறை முறிந்த சத்தம் அங்கே வரை கேட்டது. படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கின. ஒரு படகு கோயில் மதில் தாண்டி வந்து விழுந்தது. சற்றுமுன் அப்பா நின்ற படகு. அப்பாவின் கை உங்கள் முடியிலிருந்து தானாக நழுவியது.

பின்னால் வந்த இரண்டு பேரை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தப் போனீர்கள். அப்போதுதான் அந்தக் கூரைத் தகரம் பறந்து வந்தது.

அதை எழுத முடியவில்லை. எங்கள் எல்லோர்மேலும் உங்கள் ரத்தம் இருந்தது. அடங்காத காற்றிலேயே, ஒரு கதவைக் கழற்றி உங்களை அதில் கிடத்தித் தூக்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் கடலூர் சாலை முழுக்க மரங்கள். மாமா முன்னால் கொடுவாளால் வெட்டிக்கொண்டே, அழுதுகொண்டே போனார். பாதி வழியில் கண் திறந்தீர்கள்.

"எந்தப் பக்கம்ணே?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு குனிந்து உங்கள் காதில் சொன்னார். "தெக்கால இருந்துதான் தங்கச்சி. நீ சொன்னது போலவேதான்."

ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்க நீங்கள் இல்லை.

துறையை மறுபடி கட்டிவிட்டார்கள், அத்தை. இப்போது எச்சரிக்கை வந்தால் நடு ஆற்றில் கனமான நங்கூரம் இறக்கி அதிலிருந்தும் ஒரு கயிறு கொண்டுவந்து கட்டுகிறார்கள். "தெக்குக் கயிறு போட்டாச்சா?" என்று கேட்காமல் யாரும் துறையை விட்டு ஏறுவதில்லை. போன மாதம் ஒரு புயல் வரும் என்று சொல்லி வராமல் போனது. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் கேலி பேச வாயெடுத்தார். சவரிராயன் மாமா அப்பாவின் கன்னத்தைத் தொட்டு, "இந்தக் கன்னத்தாலதான் நாங்க இத்தன பேரு உசுரோட இருக்கோம். வாய மூடு" என்றார். அப்பா சிரிக்கவில்லை. கையைத் தட்டிவிடவும் இல்லை.

உங்கள் கேள்வியை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கணக்கில் இன்னும் நன்றாகத் தேற வேண்டும், தெரியும். எல்லோருக்கும் புயல் என்றால் காற்றின் ஊளை நினைவுக்கு வருகிறது. எனக்கு அப்பாவின் கன்னத்தில் விழுந்த அந்த அறையின் சத்தம்.

இதோ, ரம்பம் நின்றுவிட்டது. வேலையாட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள் போல. தெருவில் நல்ல வெயில், ஓர் இலையும் அசையவில்லை, வேம்பின் மணம் மட்டும். எழுந்து போய்த் தெற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து இதை முடிக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகள்